1920-30கள் கிறிஸ்துமஸ் கொலைக் கதைகள்: அந்தக் கிழவர் வீட்டுக்கு ஏன்தான் எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள்?

மார்கழி_வாசகி:

டிசம்பர் கடைசி வாரம் அலுவலகத்தில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள், ஃபோன் அடிக்காது, அந்த வாரத்துக்கென்று ஒரு கொலைக் கதையை எடுத்து வைத்துக்கொள்வது என் பல வருட வழக்கம். போன வருடம் அகதா கிறிஸ்டியின் 'ஹெர்க்யூல் பொய்ரோஸ் கிறிஸ்மஸ்'. 1938-ல் வந்தது. சிமியன் லீ என்று ஒரு கிழவர், தென்னாப்பிரிக்க வைரத்தில் சம்பாதித்தவர், மாடி அறையில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டை தீட்டாத வைரக்கற்களைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகளை எல்லாம் கிறிஸ்துமஸுக்கு வரவழைத்து, அவர்கள் அறைக்குள் நுழையும் நேரம் பார்த்து வக்கீலுக்கு ஃபோன் போட்டு உயிலை மாற்ற வேண்டும் என்கிறார். அன்று ராத்திரியே மேலே மேஜை நாற்காலி உருளும் சத்தம், ஒரு கோரமான அலறல், கதவு உள்பக்கம் பூட்டு. உடைத்துப் போனால் ரத்தம்.

ரொம்பப் பிடித்தது. அதே ருசியில் இந்த வருடம் ஒன்று தேடி, சமீபத்தில் யாரோ எழுதிய 'அந்தக் காலத்து' நாவல் ஒன்றை வாங்கி ஏமாந்துவிட்டேன். உடுப்பு மட்டும் 1930, பேச்சு முழுக்க வாட்ஸ்அப் குரூப் மாதிரி. அறுபதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

அதனால் இரண்டு கேள்வி. ஒன்று, இரண்டு உலகப் போருக்கும் நடுவே, அதாவது 1919-க்கும் 1939-க்கும் இடையில், அப்போதே எழுதப்பட்ட கிறிஸ்துமஸ் கொலைக் கதை எதைப் படிக்கலாம்? இரண்டாவது கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். சிமியன் லீயின் மகன்களில் ஒருவன், அம்மா மனம் நொந்து செத்ததற்கு அப்பாதான் காரணம் என்று பல வருடமாக வீட்டுப் பக்கமே வராதவன். அவன்கூட ஒரு கடிதம் வந்ததும் பெண்டாட்டியோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். நான் என் பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கே போகவில்லை! ஏன் இவர்கள் எல்லோரும் போகிறார்கள்?

யாரும் முடிவைப் போட்டு உடைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.


ஏழரை_மணி_ரயில்:

முதல் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம். ஜே. ஜெஃபர்சன் ஃபார்ஜன் எழுதிய 'மிஸ்டரி இன் ஒயிட்', 1937.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ரயில் பனியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒரே பெட்டியில் இருப்பவர்கள்: ஒரு அண்ணன் தங்கை, நாடகத்தில் ஆடும் ஒரு பெண், ஜுரத்தில் நடுங்கும் ஒரு குமாஸ்தா, உலகத்தையே சுற்றிவிட்டதாக அலட்டும் ஒரு அறுவைப் பேர்வழி, ஆவி ஆராய்ச்சி செய்யும் ஒரு வயதானவர். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்துவிடலாம் என்று இறங்குகிறார்கள், பனியில் வழி தொலைகிறது, ஒரு வீடு கண்ணில் படுகிறது. கதவு பூட்டவில்லை. உள்ளே கணப்பில் நெருப்பு எரிகிறது, டீ மேஜை தயாராக விரித்திருக்கிறது, சமையலறையில் கெட்டில் கொதிக்கிறது, ரொட்டி வெட்டும் கத்தி தரையில் கிடக்கிறது. வீட்டில் ஒரு ஆள் இல்லை.

இதற்கு மேல் சொல்லமாட்டேன். இந்த ஒரு காட்சிக்காகவே நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். அவர்களில் ஒரு பெண் தங்கள் செலவுக்கெல்லாம் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்று கவலைப்படுவாள், ஆளில்லாத வீட்டில் டீ குடித்ததற்கு! அந்தக் காலத்து மரியாதை.

குறையும் சொல்லிவிடுகிறேன், பாதிக்கு மேல் கொஞ்சம் நூல் தளர்ந்துவிடும், அந்த ஆவி ஆராய்ச்சிக்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பல வருடம் யாரும் சீந்தாமல் கிடந்த புத்தகம் இது, 2014-ல் பிரிட்டிஷ் லைப்ரரி பழைய ரயில்வே போஸ்டர் மாதிரி அட்டை போட்டு மறுபடி வெளியிட்டார்கள், அந்த வருட கிறிஸ்துமஸுக்கு அங்கே கடைகளில் பறந்தது. இப்போது இத்தனை பழைய நாவல்கள் தூசி தட்டி வருகிறதென்றால் அதற்கு இந்த விற்பனையும் ஒரு காரணம்.

இரண்டாவது கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. சாப்பாட்டுக்காகப் போகிறார்களோ என்னவோ.


வக்கீல்_குமாஸ்தா:

அந்த இரண்டாவது கேள்வியைப் பார்த்துத்தான் லாகின் செய்தேன். முப்பது வருடமாக உயில், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று டைப் அடித்தே விரல் தேய்ந்தவன் நான். அது அசட்டுக் கேள்வி இல்லை அம்மா, இந்தக் கதைகளுக்கே அதுதான் சாவி.

நம் பக்கத்தில் இந்துக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்து என்றால் பிறந்த நொடியிலேயே பங்கு. அப்பா திண்ணையில் உட்கார்ந்து 'உனக்குச் சல்லிக்காசு கிடையாது' என்று ஊர் கேட்கக் கத்தலாம், பையன் மறுநாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டுவிடுவான். சுயசம்பாத்தியம் வேறு, அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனாலும் அந்தப் பூர்வீகப் பங்கு என்ற பிடி ஒன்று நம் ஆட்கள் மனதில் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான் உங்களால் பெரியப்பா வீட்டுக்குப் போகாமல் இருக்க முடிகிறது!

இங்கிலாந்தில் அப்போது அந்தப் பிடியே கிடையாது. அப்பா தன் சொத்து மொத்தத்தையும் பூனை ஆசிரமத்துக்கு எழுதிவிட்டுப் போகலாம். கட்டின மனைவியைக்கூட வெறுங்கையோடு விடலாம், சட்டம் தடுக்காது. 1938-ல்தான் குடும்பப் பராமரிப்புக்கு வழி செய்யும் சட்டம் ஒன்று வந்தது, நடைமுறைக்கு வந்தது 1939 ஜூலையில். அதிலும் மனைவி அல்லது கணவன், கல்யாணமாகாத மகள், மைனர் பையன், உடம்போ மனதோ முடியாத பிள்ளை, இவர்கள்தான் கோர்ட்டில் போய் ஏதாவது கொடுங்கள் என்று கேட்க முடிந்தது. கைகால் நன்றாக இருக்கும் வளர்ந்த மகனுக்கு அதிலும் ஒன்றும் இருக்கவில்லை. சிமியன் லீ கதை வந்ததும் அதே 1938 என்பதைக் கவனியுங்கள். அதாவது நீங்கள் கேட்கும் இருபது வருடமும் அப்பாவின் பேனா வைத்ததுதான் சட்டம். கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வார்கள்? போகாதவன் பெயரை அன்று ராத்திரியே அடித்துவிட்டால்?

பெரிய பரம்பரை ஜமீன் நிலமாக இருந்தால் அது பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகப் பத்திரத்தில் கட்டிப்போட்டிருக்கும், கிழவரால் இஷ்டத்துக்கு ஆட முடியாது. அதனால்தான் எழுத்தாளர்கள் வைரம், கம்பெனி என்று தானே சம்பாதித்த பணக்காரரைப் பிடிக்கிறார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னும் சில திருகல்கள் உண்டு, தெரிந்து வைத்துக்கொண்டால் படிக்கும்போது சுவாரசியம் கூடும். 1837-ஆம் வருட உயில் சட்டப்படி, அங்கே ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் அப்படியே செத்துப்போகும். எழுபது வயதுக்காரர் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று 'என் செக்ரட்டரி மிஸ் இன்னாரை மணக்கப்போகிறேன்' என்று அறிவித்தால் மருமகள்கள் முகம் வெளுப்பது அந்தப் பெண்ணின் லிப்ஸ்டிக் பிடிக்காததால் இல்லை. அப்புறம் சாட்சி. உயிலுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும், சாட்சி போட்டவருக்கு அந்த உயிலில் எது எழுதியிருந்தாலும் கிடைக்காது. திடீரென்று மாடியிலிருந்து மணி அடித்து பட்லரையும் சமையல்காரியையும் மேலே கூப்பிட்டால், அய்யா புது உயில் எழுதிவிட்டார், இவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் இல்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடலாம். ஒரு கதையில் இந்தக் குறிப்பை வைத்து நான் போலீஸை முந்திக்கொண்டேன், என் வாழ்நாள் சாதனை அது.

கிறிஸ்துமஸ் எதற்கு என்றால், பங்குதாரர்கள் அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் நாள் அது ஒன்றுதான். இன்னொன்று, வக்கீல் ஆபீஸ் மூடியிருக்கும். 25-ம் லீவு, 26 பாக்ஸிங் டே, அதுவும் பாங்க் விடுமுறை. சிமியன் லீ வக்கீலைக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரச்சொல்கிறார். உயிலை மாற்றப்போகிறேன் என்று அவர் சொன்னதற்கும் வக்கீல் பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி. பழைய உயிலில் பங்கு இருக்கிறவனுக்கு அந்த இரண்டு மூன்று நாள்தான் உலகம்.

கொன்றவனுக்குச் சொத்து வராது என்பதும் அங்கே அப்போதே இருந்த விதிதான். மனைவியைக் கொன்றதற்காக 1910-ல் தூக்கிலிடப்பட்ட கிரிப்பன் வழக்கில், அவன் தன் உயிலை எழுதிவைத்த காதலிக்கு அந்த மனைவியின் சொத்து போகக்கூடாது என்று 1911-ல் கோர்ட் சொல்லிவிட்டது. ஆக மாட்டிக்கொண்டால் தூக்கும் உண்டு, சொத்தும் போச்சு. அதனால்தான் இந்தக் கொலைகாரர்கள் இவ்வளவு மெனக்கெட்டு நேரம் பார்த்து, பூட்டு பார்த்து, சத்தம் பார்த்துக் கொல்கிறார்கள். வெறும் ஆத்திரம் என்றால் கையில் கிடைத்த இரும்புக்கழியால் ஒரு போடு போட்டுவிட்டு போலீஸில் நிற்பார்கள், நம் ஊர் வரப்புத் தகராறு மாதிரி.


கசப்புக்காப்பி:

குமாஸ்தா சார் எழுதியது அருமை, ஆனால் எல்லாமே சொத்து என்று கணக்கு முடித்துவிட்டால் எப்படி? இந்தக் கதைகளை 'கோஸி', அதாவது இதமான கதை என்று கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு படிக்கிற பழக்கம் நாம் பிற்பாடு ஏற்படுத்திக்கொண்டது. அன்றைக்குப் படித்தவர்களுக்கு இது இவ்வளவு இதமாக இருந்திருக்காது. முதல் போர் முடிந்து சில வருடம்தான், ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் வராத ஒரு மகன் இருக்கிறான், 1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வேலையும் இல்லை.

வாசகிக்கு நான் சொல்வது ஆன் மெரிடித் எழுதிய 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ மர்டரர்', 1933. அது புனைபெயர், எழுதியது லூசி மாலசன் என்ற பெண்மணி, ஆண்டனி கில்பர்ட் என்ற ஆண் பெயரிலும் நிறைய துப்பறியும் கதை எழுதியவர். இதில் என்ன விசேஷம் என்றால், முதல் வாக்கியத்திலேயே ஏட்ரியன் கிரே என்பவர் 1931 கிறிஸ்துமஸில் தன் பிள்ளைகளில் ஒருவர் கையால் செத்தார் என்று சொல்லிவிடுவார். யார் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும் (இது ஸ்பாய்லர் இல்லை, கதையின் அமைப்பே அதுதான்). அந்த ஆளின் தலைக்குள்ளேயே உட்கார வைத்து, பிடிபடுவானா மாட்டானா என்று பார்க்க வைக்கிறார். ஒரு மருமகன் மற்றவர்கள் பணத்தை வைத்து ஆடிக் கவிழ்ந்துகொண்டிருக்கும் நிதி வியாபாரி, ஒரு மகன் பட்டத்துக்கும் பதவிக்கும் அலையும் அரசியல்வாதி, இன்னொருவன் பிடிக்காத பெண்டாட்டி, பிள்ளைகள், வறுமை எல்லாவற்றுக்கும் நடுவே ஓவியம் ஓவியம் என்று புழுங்குகிறவன். எல்லோரும் கிழவரிடம் கடன் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். ஒரு மிட்டாய் வாசனைகூட வராத கிறிஸ்துமஸ். 'கோஸி' என்று நினைத்து எடுத்தால் ராத்திரி தூக்கம் போகும்.

இன்னொன்று, இந்த மாளிகைகளில் வேலைக்காரர்களைக் கவனியுங்கள். பிணம் கிடந்த கம்பளத்தை யார் கழுவினார்கள்? யாரும் எழுதமாட்டார்கள். 1928-ல் எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்கர் துப்பறியும் கதைக்கு இருபது விதி போட்டார், அதில் ஒன்று வேலைக்காரனைக் கொலைகாரனாக்கக் கூடாது, அது மிகச் சுலபமான வழி, கொலைகாரன் மதிப்பான ஆளாக இருக்க வேண்டும் என்பது. இரக்கத்தால் போட்ட விதி என்று நினைத்துவிடாதீர்கள். கொலை செய்யும் அளவுக்குக்கூட அவன் பெரிய ஆள் இல்லை, அவ்வளவுதான்.


மார்கழி_வாசகி:

ஐயோ, நான் கேட்டது ஒரு புத்தகம், கிடைத்தது ஒரு வக்கீல் ஆபீஸ். ரொம்ப நன்றி குமாஸ்தா சார், இனி மணி அடித்து பட்லரைக் கூப்பிட்டாலே எனக்குக் கை உதறும்.

கசப்புக்காப்பி சொன்னதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன், ஆனால் லீவு நாளில் அவ்வளவு கசப்பு வேண்டாம், பிப்ரவரியில் பார்க்கலாம். முதலில் கெட்டில் கொதிக்கும் வீடு.

இன்னொரு சந்தேகமும் உண்டு, சிரிக்காதீர்கள். இந்தக் கதைகளில் 'கிராக்கர்' இழுக்கிறார்கள், தலையில் காகிதத் தொப்பி போட்டுக்கொள்கிறார்கள், புட்டிங்கில் காசு வருகிறது. நான் பல வருடமாக கிராக்கர் என்றால் பிஸ்கட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


வெம்பிளி_வாசி:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்து ஆள், இங்கே லண்டனில் இருப்பது இருபத்தைந்து வருடத்துக்கு மேல். உங்களுக்கு பிஸ்கட், எனக்கு வெடி! முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, வேலை இடத்து விருந்தில் தட்டுக்குப் பக்கத்தில் பளபளக்கும் தாள் சுற்றிய ஒரு குழாய் வைத்திருந்தார்கள், இரண்டு பக்கமும் மிட்டாய் மாதிரி முறுக்கி. பக்கத்தில் இருந்த மனுசி ஒரு முனையை என் கையில் தந்து இழு என்றா. இழுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம், பொட்டுவெடி அளவுதான், உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய அட்டைக் கீற்றில் துளி வெடிமருந்து இருக்கும், உரசும்போது வெடிக்கும். கொஞ்சம் புகை மணம். உள்ளே மடித்த காகிதக் கிரீடம், ஒரு சின்ன விளையாட்டுப் பொருள், சிரிப்பே வராத ஒரு பகிடித் துண்டு. பெரிய மேலதிகாரி முதல் எல்லோரும் அந்தக் கிரீடத்தைப் போட்டுக்கொண்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார்கள், நான் அன்றைக்குத்தான் இந்த சனத்தைப் புரிந்துகொண்டேன்.

இப்ப யோசியுங்கள், பத்துப் பதினைந்து பேர், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து மண்டபத்தில் இதை இழுத்து வெடித்துக்கொண்டிருக்கும் வீட்டில், பக்கத்து அறையில் துப்பாக்கி வெடித்தால் யார் தனியாகக் கேட்பார்கள்? அந்த யோசனையோடு மேவிஸ் டோரியல் ஹே எழுதிய 'த சாண்டா கிளாஸ் மர்டர்' (1936) எடுங்கள். சர் ஆஸ்மண்ட் மெல்பரி என்ற குடும்பத் தலைவர் நத்தார் அன்று தலையில் குண்டு பட்டுக் கிடக்கிறார், கண்டுபிடிப்பது சாண்டா வேஷம் போட்ட விருந்தாளி. வீட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் அவர் செத்தால் லாபம், சுட வசதி இருந்த அந்த வேஷக்காரனுக்கு மட்டும் ஒரு காரணமும் இல்லை. கதையை ஆளாளுக்கு மாறி மாறிச் சொல்வார்கள், முதலில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் நல்லது, நான் எழுதினேன். இந்த அம்மா 1934, 35, 36 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்றே மூன்று துப்பறியும் நாவல் எழுதிவிட்டு நிறுத்திவிட்டா, கிராமத்துக் கைவேலைகளைப் பற்றியும் எழுதியவ. நமக்குத்தான் நட்டம்.

புட்டிங் கதை வேறு, அது உலர்பழம் போட்டு அவிக்கும் இனிப்பு. நத்தாருக்கு நாலைந்து கிழமைக்கு (வாரத்துக்கு) முதலே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு முறை கரண்டியால் கிளறி, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, வெள்ளிக்காசு ஒன்றைப் போட்டு, மணிக்கணக்காக அவித்து எடுத்து வைப்பார்கள். காசு யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம், பல் தப்பினால். அகதா கிறிஸ்டி 1923-லேயே இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினா, காசுக்குப் பதில் மாணிக்கக்கல் வரும். அதையே பெரிதாக்கி 1960-ல் மறுபடி போட்டபோது முன்னுரையில் தான் சின்னப் பிள்ளையாக நத்தார் கொண்டாடிய ஏப்னி ஹால் என்ற வீட்டை நினைத்து எழுதியிருப்பா. வறுத்த வான்கோழி ஒன்று, அவித்த வான்கோழி ஒன்று, அதற்கு மேல் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு என்று சாப்பாட்டுப் பட்டியலே வயிற்றை நிரப்பும். ஏழரை_மணி_ரயில் சொன்னதில் பிழை இல்லை, சாப்பாட்டுக்காகவும் போயிருப்பார்கள்தான்.

அந்த ஏப்னி ஹால் அவவின் அக்கா புருஷன் ஜேம்ஸ் வாட்ஸின் குடும்பத்து வீடு. நீங்கள் போன வருடம் படித்த புத்தகத்தின் முன்பக்கத்தைத் திறந்து பாருங்கள், அந்த ஜேம்ஸுக்குத்தான் சமர்ப்பணம். உன் கொலைகள் எல்லாம் வரவர சோகை பிடித்துப் போகின்றன, நல்ல ரத்தம் கொட்டும் கொலை ஒன்று எழுது என்று அவர் குறைப்பட்டாராம். அதுதான் அவ்வளவு ரத்தம். ஒரு அத்தான் கேட்டதற்காக ஒரு கிழவரைக் கொன்றிருக்கிறா.


பனித்தடம்:

கிராக்கர் எல்லாம் சரி, பனியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் வந்ததே அதற்காக.

இங்கிலாந்தின் தென்பகுதியில் கிறிஸ்துமஸ் அன்று பனி கொட்டுவது உண்மையில் அபூர்வம். பெரும்பாலும் சாம்பல் வானம், ஈரம், தூறல். வாழ்த்து அட்டையில் இருக்கும் அந்த வெள்ளைக் கிறிஸ்துமஸ், நாவலாசிரியர் டிக்கன்ஸ் சிறுவனாக இருந்த 1810-கள் வழக்கத்தைவிடக் குளிரான பத்தாண்டு என்பதால் அவர் கதைகள் வழியாக ஒட்டிக்கொண்டது என்பார்கள். ஆனால் நாம் பேசும் காலத்தில் ஒரு தடவை நிஜமாகவே நடந்தது. 1927 கிறிஸ்துமஸ் அன்று பெய்துகொண்டிருந்த மழை ராத்திரி பனியாக மாறி, காற்று குவித்துக் குவித்து, தெற்கே கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. சாலை இல்லை, தபால் இல்லை. அந்தப் பனி உருகி, மேலே மழையும் கடலில் இருந்து புயல் தள்ளிய பேரலையும் சேர்ந்து, 1928 ஜனவரி முதல் வாரம் தேம்ஸ் கரை உடைந்து லண்டனில் 14 பேர் இறந்தார்கள். அடுத்த பத்து வருடத்துக் கதைகளில் வழி அடைபட்ட வீடு, போலீஸ் வர முடியாத வீடு என்று வரும்போது, படித்தவர்களுக்கு அது சும்மா கற்பனையாகத் தோன்றியிருக்காது. 1938-லும் கிறிஸ்துமஸுக்குப் பனி இருந்தது.

பனி எதற்கு என்றால், வெளி ஆள் வரவில்லை என்று நிரூபிக்க அதைவிட மலிவான வழி இல்லை. மண்ணில் தடம் அழியும், புல்லில் பதியாது. பனியில் ஒரு காகம் நடந்தால்கூடத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தது நிக்கலஸ் பிளேக் எழுதிய 'தௌ ஷெல் ஆஃப் டெத்', 1936. முதல் போரில் பேர் வாங்கிய ஒரு விமான வீரர், ஃபெர்கஸ் ஓப்ரையன், அவருக்குக் கடிதம் வருகிறது, பாக்ஸிங் டே அன்று உன்னைக் கொல்வேன் என்று. தான் சந்தேகப்பட வேண்டிய ஆட்களையே கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், கூடவே ஒரு துப்பறிவாளரையும் கூப்பிட்டுக்கொள்கிறார். காலையில் பார்த்தால் தோட்டத்துக் குடிசையில் சடலம், குடிசைக்குப் போகும் ஒரே ஒரு வரிசைக் கால்தடம், திரும்பி வந்த தடம் இல்லை. அதை அவிழ்க்கும் விதத்தில் ஓர் அசல் மூளை தெரியும். நிக்கலஸ் பிளேக் என்பது புனைபெயர், ஆள் சிசில் டே லூயிஸ், பிற்பாடு 1968-ல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆனவர், நடிகர் டேனியல் டே லூயிஸின் அப்பா. வீட்டுக்கூரை ஒழுகுகிறது, சரிசெய்யப் பணம் வேண்டும் என்றுதான் முதல் துப்பறியும் நாவலை எழுத உட்கார்ந்தாராம். கவிதை எழுதினால் கூரை வேய முடியாது என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கசப்புக்காப்பி, நீங்கள் சொன்ன 'வராத மகன்' இதில் முழுசாக இருக்கிறான், போரை மறக்க முடியாத ஆளாக. குமாஸ்தா சாரின் உயில் மட்டும் இதில் அவ்வளவு எடுபடாது, வேறு கணக்கு.


வக்கீல்_குமாஸ்தா:

உயில் இல்லாத கதையா? படித்துவிட்டு வந்து பேசுகிறேன்.

கசப்புக்காப்பி தம்பிக்கு: எல்லாம் சொத்துதான் என்று நான் சொல்லவில்லை, எல்லோரும் வந்து சேருவதற்குக் காரணம் சொத்து என்றேன். வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு நாற்பது வருடக் கோபம் போதும். பாகப்பிரிவினைக்கு வரும் அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஏக்கர் நஞ்சையைப் பேசி முடித்துவிடுவார்கள், அம்மாவின் வெற்றிலைச் செல்லம் யாருக்கு என்பதில் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்கள்.


கசப்புக்காப்பி:

சார், அந்த வெற்றிலைச் செல்லத்தை வைத்து நீங்களே ஒன்று எழுதிவிடுங்கள். நான் படிக்கிறேன், கசப்பு இருந்தாலும்.

வாசகிக்கு ஒரு சமாதானப் பரிசு, லீவு நாளில் ரத்தமே வேண்டாம் என்றால் டாரதி சேயர்ஸின் 'த நெக்லஸ் ஆஃப் பேர்ல்ஸ்' என்ற சிறுகதை, 1933-ல் வந்த தொகுப்பில் இருக்கிறது. மகளுக்கு வருடத்துக்கு ஒரு முத்தாகச் சேர்த்து 21 முத்து மாலை செய்து வைத்த அப்பா, பழைய பாணிக் கிறிஸ்துமஸ் விளையாட்டுகளை விருந்தாளிகள் தலையில் கட்டி அறுக்கிறார், நடுவே மாலை காணாமல் போகிறது. யாரும் சாகமாட்டார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். படிக்கும்போது அலங்காரங்களை நன்றாகப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.


மார்கழி_வாசகி:

நேற்று ராத்திரி 'மிஸ்டரி இன் ஒயிட்' மின்நூலாக வாங்கி ஆரம்பித்துவிட்டேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே வியர்வை வழிகிற புழுக்கம், மழை வரப்போகிறதா இல்லையா என்று தெரியாத வானம், நான் மின்விசிறியை நாலில் வைத்துக்கொண்டு பனியில் நடந்துகொண்டிருக்கிறேன். அந்த அறுவைப் பேர்வழியைப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அச்சு அசலாக அப்படியே, இடம் மட்டும் மாறும், அலட்டல் மாறாது.

கெட்டில் கொதிக்கும் இடத்தில்தான் தூக்கம் வந்து நிறுத்தினேன். ஆனால் காலையில் பல் தேய்க்கும்போதும் அதே யோசனை. கத்தி தரையில் கிடக்கிறது சரி, ரொட்டி எங்கே, வெட்டினார்களா இல்லையா?

வேண்டாம், யாரும் சொல்லாதீர்கள்.